மைத்தாரை அச்சுப்பொறியில் அச்சுத்தலை அடைப்பு: காரணங்களும் நீக்கும் முறைகளும்



தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியற் பாடத்தில் வருவிளைவுச் சாதனங்களைக் கற்கும்போது அச்சுப்பொறிகளை இரு வகையாகப் பிரித்துப் படித்திருப்பீர்கள். மை நாடாவில் ஊசி அடித்து அச்சிடுபவை ஒரு வகை. தாளை எதுவும் தட்டாமல் அச்சிடுபவை மற்றைய வகை. மைத்தாரை அச்சுப்பொறி இரண்டாம் வகையைச் சேர்ந்தது. கடைகளில் இங்க்ஜெட் பிரின்ரர் என்று கேட்டு வாங்குவது இதையே.

இவ்வகை அச்சுப்பொறியில் அடிக்கடி ஏற்படும் குறைபாடு ஒன்று உண்டு. நேற்று வரை நன்றாக அச்சிட்ட இயந்திரம் இன்று எழுத்துகளின் நடுவே வெள்ளைக் கோடுகளுடன் அச்சிடும். அல்லது ஒரு நிறமே தாளில் வராது. பலர் உடனே இயந்திரம் பழுதாகிவிட்டது என்று முடிவு செய்துவிடுகின்றனர். வேறு சிலர் சுத்திகரிப்புக் கட்டளையை இருபது தடவை கொடுத்து, தாங்கியில் இருந்த மை முழுவதையும் வீணாக்குகின்றனர். இரண்டும் தவறு. பெரும்பாலும் இது பழுதன்று. மை உலர்ந்து போனமையால் ஏற்பட்ட அடைப்பாகும். உலர்ந்ததைக் கரைக்க ஈரமும் நேரமும் தேவை. காரணத்தை முதலில் அறிந்து, மிகச் சிறிய சிகிச்சையிலிருந்து தொடங்கி, இடையிடையே காத்திருந்தால் அநேக அச்சுப்பொறிகளைக் காப்பாற்றிவிடலாம்.

இது சிறிய விடயமன்று. அச்சுத்தலை ஒன்றை மாற்றுவதற்கு ஆகும் செலவு பல வேளைகளில் புதிய இயந்திரத்தின் விலையை நெருங்கிவிடும். பாடசாலையில் அந்தப் பணத்தைப் பாடசாலை அபிவிருத்திச் சங்கமே தேடவேண்டியிருக்கும். 2022 மார்ச்சில் கடதாசியும் மையும் இறக்குமதி செய்ய முடியாமற்போனதால் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகள் பிற்போடப்பட்டன. கையிலுள்ள மையையும் இயந்திரத்தையும் பேணுவது எவ்வளவு பெறுமதியானது என்பதற்கு அது ஒரு சான்றாகும்.

1. மைத்துளி தாளை அடையும் விதம்

அச்சுத்தலை என்பது தாளுக்கு மேலாக இடம் வலமாக ஓடும் பகுதியாகும். அதன் அடித்தளத்தில் வரிசை வரிசையாக நுண்துளைகள் உள்ளன. ஒரு நுண்துளையின் விட்டம் பொதுவாக 10 முதல் 50 மைக்ரோமீற்றர் வரை இருக்கும். மனிதத் தலைமயிரின் தடிப்பு ஏறத்தாழ 70 மைக்ரோமீற்றர் என்பதோடு இதனை ஒப்பிட்டுப் பாருங்கள்.

நுண்துளையிலிருந்து மையை வெளியேற்ற இரு முறைகள் உள்ளன.

(அ) வெப்ப முறை: நுண்துளைக்கு அருகே மிகச் சிறிய தடையி ஒன்று உள்ளது. மின்னோட்டம் பாயும்போது அது சில மைக்ரோசெக்கனில் ஏறத்தாழ 300 பாகை செல்சியசுக்குச் சூடாகும். அதனைத் தொட்டுள்ள மையிலிருக்கும் நீர் ஆவிக் குமிழியாகி, முன்னாலுள்ள மையைத் துளியாகத் தள்ளும். எச்.பி., கெனன் அச்சுப்பொறிகள் இம்முறையில் இயங்குகின்றன. எச்.பி. நிறுவனம் 1984 இல் வெளியிட்ட திங்க்ஜெட் இவ்வகையில் முன்னோடியான ஒன்றாகும்.

(ஆ) அமுக்கமின் முறை: சில பளிங்குகளை அழுத்தும்போது மின் தோன்றும் என்பதை 1880 இல் பியர் கியூரி, ஜாக் கியூரி சகோதரர்கள் கண்டறிந்தனர். இதன் மறுதலையும் உண்மையாகும். அதாவது, அத்தகைய பொருளுக்கு மின் அழுத்தம் கொடுத்தால் அது சிறிது வளையும். அந்த வளைவு மையறையை நெருக்கி ஒரு துளியைத் தள்ளுகிறது. எப்சன், பிரதர் அச்சுப்பொறிகள் இம்முறையைப் பயன்படுத்துகின்றன.

துளி ஒன்றின் கனவளவு சில பிக்கோலீற்றர் மட்டுமே. ஒரு பிக்கோலீற்றர் என்பது ஒரு லீற்றரின் இலட்சம் கோடியில் ஒரு பங்காகும். துளி ஒன்று 4 பிக்கோலீற்றர் எனக் கொண்டால், 1 மில்லிலீற்றர் மையிலிருந்து 25 கோடித் துளிகளைப் பெறலாம். இவ்வளவு சிறிய துளி செல்லும் வழியை அடைக்க ஒரு தூசித் துணிக்கையே போதும்.

2. அடைப்பு ஏன் ஏற்படுகிறது?

மையின் பெரும்பகுதி நீராகும். அதனுடன் நிறம் தரும் பொருள், விரைவில் உலராமல் தடுக்கும் கிளைக்கோல் அல்லது கிளிசரோல், மேற்பரப்பிழுவையைக் குறைக்கும் பொருள் ஆகியன கலந்திருக்கும். நிறம் தரும் பொருளைக் கொண்டு மையை இரண்டாகப் பிரிக்கலாம்.

சாய மை: நிறப்பொருள் நீரில் முற்றாகக் கரைந்திருக்கும். இது ஒரு கரைசலாகும். உலர்ந்தாலும் பெரும்பாலும் மீண்டும் கரையும்.

நிறத்துணிக்கை மை: நிறப்பொருள் கரையாது, மிக நுண்ணிய துணிக்கைகளாக நீரில் பரவியிருக்கும். உலர்ந்து இறுகினால் மீண்டும் பரவச் செய்வது கடினம். சில அச்சுப்பொறிகளில் கறுப்பு மட்டும் இவ்வகை மையாகவும் ஏனைய மூன்றும் சாய மையாகவும் இருக்கும்.

நுண்துளையின் வாயில் மை வளியைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. அங்கே நீர் ஆவியாகிறது. நீர் குறையக் குறைய மை தடித்துப் பாகுபோலாகி, ஈற்றில் திண்மமாகிறது. இதுவே அடைப்பாகும். ஆவியாதலின் வேகம் வெப்பநிலை, காற்றோட்டம், வளியின் ஈரப்பதன் ஆகியவற்றில் தங்கியுள்ளது என்பதை விஞ்ஞான பாடத்தில் படித்திருக்கிறீர்கள். எனவே யன்னலோர வெயிலிலும் மின்விசிறிக்கு நேரேயும் வைக்கப்பட்ட அச்சுப்பொறி விரைவில் அடைபடும்.

இதனைத் தடுக்க இயந்திரத்திலேயே ஓர் ஏற்பாடு உள்ளது. அச்சிட்டு முடிந்ததும் அச்சுத்தலை வலப்பக்க ஓரத்துக்குச் சென்று, இறப்பர் விளிம்புள்ள மூடியின் மேல் அமரும். பேனாவுக்கு மூடி போடுவது போன்றதே இது. ஆனால் இயந்திரத்தின் பொத்தானை அழுத்தாது, சுவரிலுள்ள ஆளியை மட்டும் நிறுத்தினால், அச்சுத்தலை நடுவழியில் மூடியின்றி நின்றுவிடக்கூடும். அச்சிடும்போது மின்வெட்டு ஏற்பட்டாலும் இதுவே நிகழும். மின்சாரம் வந்தவுடன் இயந்திரத்தை ஒருமுறை இயக்கி, பொத்தானால் நிறுத்திவிடுங்கள்.

நீண்ட காலம் பயன்படுத்தாமல் விட்டால் மூடியும் முற்றாகக் காப்பாற்றாது. 2020 மார்ச்சில் கொவிட் 19 காரணமாக மூடப்பட்டபோது நிகழ்ந்ததுபோல, பாடசாலைகள் மாதக்கணக்கில் பூட்டியிருக்கும் காலங்கள் மைத்தாரை அச்சுப்பொறிக்கு மிகவும் ஆபத்தானவை.

3. முதலில் காரணத்தை அறிக

வெள்ளைக் கோடு தெரிந்தவுடன் சுத்திகரிப்புக் கட்டளை கொடுக்கவேண்டாம். முதலில் நுண்துளைச் சோதனைத் தாள் ஒன்றை அச்சிடுங்கள். அச்சுப்பொறியின் பராமரிப்புப் பகுதியில் இதற்கான கட்டளை உண்டு. பல இயந்திரங்களில் ஒவ்வொரு நிறத்திலும் படிக்கட்டுப் போன்ற சிறு கோடுகள் அச்சாகும். ஒரு கோடு விடுபட்டிருந்தால் அதற்குரிய நுண்துளை மை விடவில்லை என்பது பொருள். மஞ்சள் கோடுகள் கண்ணுக்கு எளிதில் புலப்படா. நீல நிறக் கண்ணாடித்தாளினூடாகப் பார்த்தால் அவை இருண்டு தெரியும்.

ஒரு தாளுடன் நிறுத்தாது, சில நிமிட இடைவெளியில் இரண்டு தாள்களை அச்சிட்டு ஒப்பிடுங்கள். பின்வருமாறு முடிவு செய்யலாம்.

• விடுபட்ட இடங்கள் இரண்டு தாள்களிலும் ஒரே இடத்தில் உள்ளன: உலர்ந்த மையினால் அடைப்பு.
• விடுபட்ட இடங்கள் தாளுக்குத் தாள் மாறுகின்றன: அச்சுத்தலையினுள் வளிக்குமிழி.
• ஒரு நிறம் முழுவதுமே இல்லை: மை தீர்ந்திருக்கலாம், குழாயில் வளி நிறைந்திருக்கலாம், அல்லது கடுமையான அடைப்பு.
• தாளின் மேற்பகுதி நன்றாக அச்சாகி, கீழே போகப்போக நிறம் மங்குகிறது: மை வரும் வழியில் தடை. குழாய் மடிந்திருக்கலாம் அல்லது தாங்கியின் வளித்துளை மூடியிருக்கலாம்.
• சோதனைத் தாள் குறையின்றி உள்ளது, ஆனால் ஆவணத்தில் கோடுகள் விழுகின்றன: அடைப்பு இல்லை. அச்சுத் தர அமைப்பையும் தாள் வகையையும் அச்சுத்தலையின் சீரமைப்பையும் கவனிக்குக.

வைத்தியர் நோயை அறியாமல் மருந்து கொடுப்பதில்லை. நீங்களும் இந்த ஒப்பீட்டைச் செய்யாமல் அடுத்த படிக்குச் செல்லவேண்டாம்.

4. சுத்திகரிக்கும் படிமுறை

படி 1: மை மட்டத்தைப் பாருங்கள். தாங்கியில் மை கீழ்க்கோட்டுக்குக் குறைவாக இருந்தால் முதலில் நிரப்புங்கள். மை குறைந்த நிலையில் சுத்திகரித்தால் குழாயினுள் வளி புகுந்துவிடும்.

படி 2: சுத்திகரிப்புக் கட்டளையை ஒருமுறை கொடுங்கள். அப்போது மூடி அச்சுத்தலையை இறுக மூட, ஒரு சிறிய பம்பி நுண்துளைகளினூடாக மையை உறிஞ்சும். பின்னர் இறப்பர்த் துடைப்பான் அடித்தளத்தைத் துடைக்கும்.

படி 3: மீண்டும் சோதனைத் தாள் அச்சிடுங்கள். விடுபட்ட கோடுகளை எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். எண்ணிக்கை குறைந்திருந்தால் சிகிச்சை பலிக்கிறது.

படி 4: மூன்று தடவைக்கு மேல் தொடர்ந்து செய்யவேண்டாம். இயந்திரத்தை நிறுத்தி, குறைந்தது 12 மணித்தியாலம் அப்படியே விடுங்கள். இந்த நேரத்தில் புதிதாக வந்த ஈரமான மை, உலர்ந்த மையை மெதுவாகக் கரைக்கும். சிறு வளிக்குமிழிகளும் மேலெழுந்து விலகும். மறுநாள் சோதனைத் தாள் அச்சிடும்போது, முதல் நாள் வராத கோடுகள் தாமாகவே வந்திருப்பதைப் பல வேளைகளிற் காணலாம்.

படி 5: அதன் பின்னரும் குறை இருந்தால் மாத்திரம், தாங்கியுள்ள அச்சுப்பொறிகளில் வழங்கப்பட்டிருக்கும் வலுவான சுத்திகரிப்பைப் பயன்படுத்துங்கள். இது குழாயிலுள்ள மையை வெளியேற்றிப் புதிய மையை நிரப்பும். எல்லாத் தாங்கிகளிலும் மூன்றிலொரு பங்குக்குக் குறையாமல் மை இருக்கவேண்டும்.

ஏன் இவ்வளவு சிக்கனம்? உறிஞ்சப்படும் மை காற்றில் மறைந்துவிடுவதில்லை. அது இயந்திரத்தின் அடியிலுள்ள கழிவு மை உறிஞ்சியைச் சென்றடைகிறது. எவ்வளவு கழிவு சேர்ந்தது என்பதை இயந்திரம் கணக்கிட்டுக்கொண்டே இருக்கும். எல்லையை எட்டியதும் பல இயந்திரங்கள் அச்சிட மறுத்துவிடும். அளவுக்கு மீறிச் சுத்திகரிப்பவர் மையையும் இழக்கிறார், இயந்திரத்தின் ஆயுளையும் குறைக்கிறார்.

5. மைக்குழாயில் வளி

தாங்கியிலிருந்து அச்சுத்தலைக்கு மெல்லிய ஒளிபுகு குழாய்கள் செல்கின்றன. மூடியைத் திறந்து பார்த்தால் குழாயில் மை தொடர்ச்சியாக இருக்கிறதா, இடையே வெற்றிடம் போல வளி இருக்கிறதா என்பது தெரியும். சிறு குமிழி ஒன்றிரண்டு இருப்பதால் பாதகமில்லை. பல சென்ரிமீற்றர் நீளத்துக்கு வளி இருந்தால் மை அச்சுத்தலையை அடையாது. துளைகளை எவ்வளவு கழுவினாலும் பயன் கிடையாது. வலுவான சுத்திகரிப்பே இதற்குரிய வழியாகும்.

இங்கே திரவ அமுக்கம் பற்றிய அறிவு உதவும். தாங்கியின் மை மட்டம் நுண்துளைகளைவிடச் சற்றுத் தாழ்வாக இருக்குமாறு இயந்திரம் வடிவமைக்கப்பட்டுள்ளது. அதனால் நுண்துளையிலுள்ள மையின் அமுக்கம் வளிமண்டல அமுக்கத்தைவிடச் சிறிது குறைவாக இருக்கும். மேற்பரப்பிழுவை மையைத் துளையின் வாயில் தாங்கிப் பிடிக்கும், மை ஒழுகாது. வெளியே வைக்கப்படும் மைப்போத்தல்களைக் குழாயால் இணைத்த அச்சுப்பொறியில், போத்தலை உயரமான மேசையில் வைத்தால் என்ன நிகழும்? மை மட்டம் நுண்துளையைவிட 10 சென்ரிமீற்றர் உயர்ந்தால்,

அமுக்கம் = உயரம் × அடர்த்தி × புவியீர்ப்பு ஆர்முடுகல்
= 0.1 × 1000 × 10
= 1000 பஸ்கால்

இந்த மேலதிக அமுக்கத்தால் மை துளைகளினூடாகக் கசிந்து நிறங்கள் ஒன்றோடொன்று கலக்கும். போத்தலை மிகத் தாழ்வாக வைத்தால், மை பின்வாங்கி வளி உட்புகும். ஆகவே அச்சுப்பொறியைச் சரித்துத் தூக்கவும் கூடாது. சமதளத்தில் வைத்தே பயன்படுத்தவேண்டும்.

6. கையால் சுத்தம் செய்தல்

கட்டளைகளால் பயன் கிடைக்காதபோது மட்டும் இதனைச் செய்க. பாடசாலை இயந்திரமாயின் ஆசிரியரின் மேற்பார்வை அவசியம். மின்வடத்தைக் கழற்றிய பின்னரே உள்ளே கை வைக்கவேண்டும்.

அச்சுத்தலை மைப்பேழையுடன் இணைந்த வகையாயின் வேலை எளிது. பேழையைக் கழற்றி, இளஞ்சூடான காய்ச்சி வடித்த நீரில் நனைத்த, நார் உதிராத துணியின் மேல் அதன் நுண்துளைப் பக்கம் படும்படி ஒரு நிமிடம் வையுங்கள். துணியில் நிறங்கள் பட்டைகளாகப் படிந்தால் வழி திறந்துவிட்டது. தேய்க்கவேண்டாம். செப்பு நிறத் தொடுகைகள் நனையாதவாறு பார்த்துக்கொள்ளுங்கள். இவ்வகையில் பேழையை மாற்றினால் அச்சுத்தலையும் புதிதாகிவிடும்.

அச்சுத்தலை இயந்திரத்துடன் நிலையாகப் பொருத்தப்பட்டிருந்தால், மூடியின் பஞ்சையும் இறப்பர் விளிம்பையும் முதலிற் பாருங்கள். அங்கே மை காய்ந்து அழுக்கேறியிருந்தால் உறிஞ்சல் நடைபெறாது. மூடியில் சில துளி காய்ச்சி வடித்த நீரை விட்டு, சுத்திகரிப்புக் கட்டளை கொடுங்கள். நீர் அப்படியே நின்றால் குறை பம்பியில் அல்லது கழிவுக்குழாயில் உள்ளது, அச்சுத்தலையில் அன்று. அச்சுத்தலையை ஊசியில்லாச் சிரிஞ்சினால் கழுவும் வேலையைத் திருத்துநரிடம் விடுவதே நன்று. சிறிது கூடுதலான அமுக்கமும் உள்ளேயுள்ள மெல்லிய படலத்தைக் கிழித்துவிடும்.

செய்யக்கூடாதவை

• கிணற்று நீரோ குழாய் நீரோ பயன்படுத்தவேண்டாம். யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடி நீர் சுண்ணக்கற் பாறையிலிருந்து பெறப்படுவதால் வன்னீராகும். அது உலரும்போது விட்டுச்செல்லும் உப்புகள் புதிய அடைப்பை உண்டாக்கும்.
• நகப்பூச்சு நீக்கியிலுள்ள அசற்றோன், பிளாத்திக்கையும் பசையையும் கரைக்கும்.
• அற்ககோல் சில நிறத்துணிக்கை மைகளைத் திரளச் செய்யும், இறப்பரையும் உலர்த்தும்.
• ஊசி, குண்டூசி, பற்தூரிகை ஆகியவற்றால் துளைகளைத் தொடவேண்டாம்.
• சாய மையையும் நிறத்துணிக்கை மையையும் ஒரே தாங்கியில் கலக்கவேண்டாம்.
• ஈரம் முற்றாக உலரும் முன்னர் மின்சாரம் வழங்கவேண்டாம்.

7. வருமுன் காத்தல்

அடைப்பை நீக்குவதைவிட அது வராமற் காப்பதே மலிவானது. வாரத்துக்கு ஒரு முறையேனும் நான்கு நிறங்களும் அமைந்த சிறு படமொன்றை அச்சிடுங்கள். அதற்குச் செலவாகும் மை, ஒரு சுத்திகரிப்புக்குச் செலவாகும் மையைவிடக் குறைவாகும். எப்பொழுதும் இயந்திரத்தின் பொத்தானால் நிறுத்துங்கள். தூசி படாமல் துணியால் மூடுங்கள். தவணை விடுமுறைக்கு முன்னர் சோதனைத் தாள் ஒன்றை அச்சிட்டுத் திகதியுடன் கோவையில் வையுங்கள். விடுமுறை முடிந்ததும் புதிய தாளை அதனுடன் ஒப்பிட்டால் இயந்திரத்தின் நிலை உடனே புரியும். கணினி அறைக்குப் பொறுப்பான மாணவர் குழு இதனை முறைவைத்துச் செய்யலாம்.

பயிற்சி வினாக்கள்

1. ஓர் அச்சுப்பொறியில் மூன்று சோதனைத் தாள்கள் அச்சிடப்பட்டன. நீல நிறத்தில் விடுபட்ட கோடுகள் ஒவ்வொரு தாளிலும் வெவ்வேறு இடங்களில் இருந்தன. இதற்கான காரணம்,
(1) உலர்ந்த மை (2) வளிக்குமிழி (3) மை தீர்ந்தமை (4) தவறான தாள் வகை

2. மின்விசிறிக்கு நேரே வைக்கப்பட்ட மைத்தாரை அச்சுப்பொறி விரைவில் அடைபடுவது ஏன்?

3. துளி ஒன்றின் கனவளவு 5 பிக்கோலீற்றர் எனின், 1 மில்லிலீற்றர் மையிலிருந்து பெறக்கூடிய துளிகளின் எண்ணிக்கை யாது?

4. சுத்திகரிப்புக் கட்டளையைப் பல தடவை தொடர்ந்து கொடுப்பதால் ஏற்படும் இரண்டு தீமைகளைக் குறிப்பிடுக.

விடைகள்

1. (2)
2. காற்றோட்டம் கூடும்போது நுண்துளை வாயிலுள்ள மையிலிருந்து நீர் விரைவாக ஆவியாகும். மை தடித்துத் திண்மமாகி வழியை அடைக்கும்.
3. 1 மில்லிலீற்றர் என்பது 100 கோடி பிக்கோலீற்றர். 100 கோடி ÷ 5 = 20 கோடித் துளிகள்.
4. மை வீணாதல், கழிவு மை உறிஞ்சி விரைவில் நிறைந்து இயந்திரம் அச்சிட மறுத்தல்.

மாணவர்களே, ஆவியாதல், கரைதல், மேற்பரப்பிழுவை, திரவ அமுக்கம் ஆகியவற்றை விஞ்ஞான பாடத்தில் தனித்தனியே படித்தீர்கள். அவை நான்கும் ஒரு சிறிய அச்சுத்தலையில் ஒன்றுசேர்ந்து தொழிற்படுவதை இப்போது கண்டீர்கள். அடுத்த முறை உங்கள் கணினி அறையில் வெள்ளைக் கோடு விழுந்தால், முதலில் சோதனைத் தாள் இரண்டை அச்சிட்டு அருகருகே வைத்துப் பாருங்கள்.